மலைப் பள்ளத்தாக்கில் புதுச் சாலை: வெட்டும் முன் நிலத்தைப் படிக்கும் முறை

இமயத்தில் சாலை வேலைக்கு வரும் புதியவர்கள் முதல் நாள் காலையிலேயே கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதலில் சாலை போகும் கோட்டைப் போடுவோம், அதன்மேல் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்புறம் பார்ப்போம் என்ற நினைப்பு. ஆனால் கோடு போட்டுவிட்டால் அதன்மேல் பாசம் வந்துவிடும். ஆபத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, கோட்டைக் காப்பாற்றக் காரணம் தேடுவோம். அதனால் இந்த வழிகாட்டியில் முதலில் நிலம், கோடு பிறகுதான்.

உதாரணங்கள் எல்லாம் உத்தராகண்டின் அளகநந்தா பள்ளத்தாக்கு, அதன் கிளைகள் சார்ந்தவை. கீழே ஆறு அறுத்த ஒடுக்கமான பள்ளம், பத்ரிநாத் பக்கம் போனால் பனியாறு குடைந்த அகலமான பள்ளம். ஒரே சாலையில் இரண்டையும் பார்க்கலாம்.

1. கிளம்பும் முன் சேர்க்க வேண்டியவை

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடம், ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம், கூகுள் எர்த்தின் பழைய படங்கள், இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவு. இவை நான்கும் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள்.

ஆனால் இவை எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 30 மீட்டர் அகல நிலச்சரிவு ஒன்று பென்சில் முனைக்குள் அடங்கிவிடும். நீங்கள் வெட்டப்போகும் சாலையின் முழு அகலமும் உயரத் தரவின் ஒரே கட்டத்துக்குள் மறைந்துவிடும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று வரைபடம் சொல்லும். அங்கே என்ன இருக்கிறது என்று கால்தான் சொல்ல வேண்டும்.

பழைய படங்களில் தேட வேண்டியது ஒன்றே: எந்த இடம் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புதிதாக வெளுத்துத் தெரிகிறது? ஒருமுறை சரிந்து பச்சை பிடித்த இடத்தைவிட, ஐந்து படத்திலும் வெளுத்தே இருக்கும் இடம் மோசம்.

இரண்டு பருவத்தில் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் மழை விட்டதும் புதுக் காயங்கள் தெளிவாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகும்போதுதான் ஊற்றுகளும் பனிச்சரிவு கொண்டுவந்து போட்ட குப்பையும் தெரியும். ஒரே பயணத்தில் முடித்த அறிக்கையை நான் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

டிரோன் பறக்கவிட எண்ணமிருந்தால் அனுமதிக்கு முதல் நாளே எழுதிப் போடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் சமோலி, எல்லை மாவட்டம். அனுமதி வருவதற்குள் பருவம் போய்விடும்.

2. முகட்டிலிருந்து ஆறு வரை துண்டு போடுதல்

பள்ளத்தாக்கின் சரிவை முகடு, கிளைமுகடு, ஓடை ஆகிய இயற்கை எல்லைகளை வைத்துத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வும் ஒரே திசையும் கொண்டதாக இருக்க வேண்டும். சாலையின் கிலோமீட்டர் கணக்கில் பிரிக்காதீர்கள். மலைக்குக் கிலோமீட்டர் கல் தெரியாது. ஒரே கிலோமீட்டருக்குள் நல்ல பாறையும் ஊறிப்போன மண்ணும் இருக்கும்.

துண்டு முகடு வரை போக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்தில் சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் பாறையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. அது ரிஷிகங்கா ஆற்றின் வழியாக இறங்கி, ரைணி கிராமத்தில் ஜோஷிமட்–மலாரி சாலைப் பாலத்தை அடித்துப் போனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பாலத்தின் இரு பக்கமும் நூறு மீட்டர் வரை துளையிட்டுப் பார்த்திருந்தாலும் இந்த ஆபத்து அகப்பட்டிருக்காது. அது வேறொரு துண்டில், மலையின் உச்சியில் இருந்தது.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, உத்தேசச் சாலைத் தடத்தில் மட்டும் நடப்பது. தடத்தில் நடப்பவருக்குத் தலைக்கு மேல் இருபது மீட்டரும் காலுக்குக் கீழ் பத்து மீட்டரும் தெரியும். எதிர்க்கரைக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரம், தேநீர் ஃபிளாஸ்க்கோடு. தடத்தில் மூன்று நாள் நடந்தாலும் தெரியாத பழைய நிலச்சரிவின் பிறை வடிவம் அங்கிருந்து தெரிந்துவிடும்.

3. சமதளத்தைச் சந்தேகப்படுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

செங்குத்தான பள்ளத்தாக்கில் ஏறி இறங்கிக் களைத்தவருக்கு மேடைபோல ஒரு நிலம் வந்தால் மனம் குளிர்ந்துவிடும். வயல் இருக்கும், வீடு இருக்கும், ஊற்று இருக்கும். ஜேசிபி வாய் வைத்ததும் மண் வரும். கோடு தானாக அங்கே இழுபடும். ஆனால் இவ்வளவு செங்குத்தான மலையில் அந்த மேடை எப்படி வந்தது என்று கேட்காமல் கோடு போடக்கூடாது.

பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: பழைய ஆற்றுத் திட்டு, பனியாறு விட்டுப்போன குவியல், அல்லது எப்போதோ மேலிருந்து சரிந்து வந்து தங்கிய மண். மூன்றும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி இருக்கும். பிரித்துப் பார்க்க, வயலோரம் அறுபட்ட கரையையோ ஓடை அரித்த பக்கத்தையோ தேடி, பத்துக் கற்களைக் கையில் எடுங்கள்.

கற்கள் உருண்டையாக, பல நிறத்தில், அடுக்கு அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால் ஆற்றுத் திட்டு. எதிர்க்கரையிலும் அதே உயரத்தில் ஒரு மேடை இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். பெரிய பாறையும் பொடிக்கல்லும் வரிசை இல்லாமல் மாவுபோன்ற நுண்மண்ணில் புதைந்து, சில கற்களின் முகத்தில் கீறல் கோடுகள் இருந்தால் பனியாற்றுக் குவியல். கற்கள் கூர்முனையோடு, எல்லாம் ஒரே வகைப் பாறையாக, அதுவும் மேலே தெரியும் குன்றின் பாறையாகவே இருந்தால் அது பழைய நிலச்சரிவு. அப்போது நிமிர்ந்து பாருங்கள். மேலே பிறை வடிவ வெட்டு இருக்கும். மேடையின் பின்பக்கம் மலையை நோக்கிச் சற்றுச் சாய்ந்து, தண்ணீர் தேங்கிய இடமும் இருக்கலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒருமுறை என்னோடு வந்த இளைஞர் உருண்டைக் கல்லைக் காட்டி, “ஆற்றுத் திட்டுதான் சார், எழுதிடலாம்” என்றார். சரி, இன்னும் கொஞ்சம் ஏறுவோம் என்று நாற்பது மீட்டர் ஏறினோம். உருண்டைக் கல் அடுக்குக்கு மேலே ஐந்தாறு மீட்டர் கனத்துக்குக் கூர்முனைக் கற்கள். பழைய திட்டின்மேல் ஒரு சரிவு வந்து படுத்திருந்தது. கீழே பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் சாலை நேராக அதன் காலை, அதாவது அடிப்பகுதியை, அறுத்திருக்கும்.

பழைய நிலச்சரிவில் சாலையே போடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக்குச் சாலை இருக்காது. சரிவின் தலையில் மண் எடுத்தால் பாரம் குறையும், காலில் நிரப்பினால் பிடிமானம் கூடும். பள்ளத்தாக்குச் சாலை வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஆற்றோரமாகப் போய்க் காலை வெட்டுகிறது, வெட்டிய மண்ணைக் கொண்டுபோய் வேறொரு சரிவின் தலையில் கொட்டுகிறது.

ஜோஷிமட் நகரம் பழைய சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1976-லேயே, அந்த ஊரை ஆராய அரசு அமைத்த மிஸ்ரா குழு, மலைச்சரிவைத் தோண்டியோ வெடிவைத்தோ பாறைகளை அகற்றக்கூடாது என்று எழுதிவைத்தது. 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலும் வீடுகள் விரிசல்விட்டபோது நாடே அந்த அறிக்கையைத் தேடிப் படித்தது. சாலை போடுபவர்கள் முன்பே மனப்பாடம் செய்திருக்க வேண்டிய வரி அது.

4. ஊர்க்காரர்களிடம் மூன்று கேள்வி

“இங்கே நிலச்சரிவு வருமா?” என்று கேட்காதீர்கள். சாலை வேண்டும் என்பவர் இல்லை என்பார், வேண்டாம் என்பவர் ஆமாம் என்பார். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்.

எந்த வீட்டுக் கதவு சாத்த முடியாமல் போனது? நிலம் மெதுவாக நகர்ந்தால் சுவர் விரியும் முன்பே கதவு நிலை கோணிவிடும். மழைக்காலத்தில் மரம் ஊறி உப்புவதும் உண்டு என்பதால், குளிர்காலத்திலும் சாத்த முடியவில்லையா என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஊற்று இடம் மாறியதா? இந்தக் கட்வால் பகுதியில் குழாய்போல வடியும் ஊற்றைத் ‘தாரா’ என்பார்கள். பாட்டி காலத்தில் கோயில் பக்கம் வந்த தண்ணீர் இப்போது வயலுக்கு நடுவே வருகிறது என்றால், உள்ளே தண்ணீரின் வழி மாறியிருக்கிறது. வரைபடத்தில் குறியுங்கள்.

இந்த ஓடையின் பெயர் என்ன, ஏன் அந்தப் பெயர்? பத்ரிநாத் சாலையில் ‘பாகல் நாலா’ என்று ஓர் ஓடை இருக்கிறது. பாகல் என்றால் பைத்தியம். மழைக்குக் கல்லும் சேறும் கொண்டுவந்து சாலையை அடைப்பதே அதன் வேலை. பெயர் வைத்தவர்கள் யாரும் பொறியியல் படித்தவர்கள் அல்ல.

5. ஓடை வாயில் இருக்கும் விசிறிகள்

கிளை ஓடை பெரிய பள்ளத்தாக்கில் இறங்கும் இடத்தில் விசிறிபோல மண் விரிந்து கிடக்கும். அதுவும் ஊர் அமரும் இடம், சாலைக்கும் இனிக்கும் இடம். வெறும் தண்ணீர் கொண்டுவந்த மண்ணா, கல்சேற்று ஓட்டம் கொண்டுவந்ததா என்று பாருங்கள். விசிறி செங்குத்தாக இருக்கிறதா, ஓடையின் இரு கரையிலும் கல்லாலான வரப்பு நிற்கிறதா, மேற்பரப்பில் ஆள் உயரப் பாறைகள் தனித்தனியாகக் கிடக்கின்றனவா? இருந்தால் அது கல்சேற்று ஓட்டத்தின் விசிறி.

அங்கே குழாய்க் கல்வெர்ட், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய், போடுவது தவறு. தண்ணீர் அளவுக்குக் கணக்குப் போட்ட குழாய், முதல் பாறையிலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஓடை சாலையையே வாய்க்காலாக்கி, ஊருக்குள் இறங்கும். முடிந்தால் விசிறியின் உச்சியில், ஓடை இன்னும் பாறைக்குள் ஒடுங்கி ஓடும் இடத்தில், நடுத்தூண் இல்லாத உயரமான பாலம் போடுங்கள். பணம் இல்லை, வண்டியும் குறைவு என்றால் ஓட்டம் மேலேறிப் போகட்டும் என்று கான்கிரீட் தரைப்பாலம் போட்டு, அடைத்த அன்று வாரி எறிய ஒரு இயந்திரத்தை அருகில் நிறுத்திவையுங்கள். விசிறியின் நடுவில் தாழ்வான பாலம் போடுவதுதான் இருக்கிற வழிகளில் மோசமானது. ஓடை அங்கே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

6. ஆற்றைப் பார்க்கும் உயரம்

வெள்ள மட்டத்தை இன்றைய ஆற்றுப்படுகையிலிருந்து அளக்காதீர்கள். 2013 ஜூன் வெள்ளத்தில் பாண்டுகேஷ்வர், கோவிந்த்காட் பக்கம் ஆறு கொண்டுவந்து கொட்டிய கல்லில் படுகையே உயர்ந்தது. படுகை உயர்ந்தால் அதே தண்ணீர் முன்பைவிட மேலே ஓடும். படுகையும் சேர்ந்து உயரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ஆறு வளையும் இடத்தின் வெளிப்புறக் கரையில் சாலை வந்தால் தனியாகக் குறியுங்கள். அங்கே ஆறு ஒவ்வொரு வெள்ளத்திலும் சரிவின் காலைத் தின்கிறது. மேலே எத்தனை சுவர் கட்டினாலும் பயனில்லை.

அப்புறம், மேலே ஒடுக்கமான இடங்களைத் தேடுங்கள். மலை சரிந்து ஆற்றை அடைத்தால் ஏரி உருவாகும், ஒருநாள் உடையும். 1893-இல் பிரஹி கங்கா ஆற்றில் இப்படி உருவான கோஹ்னா ஏரி 1894 ஆகஸ்டில் பாதி உடைந்தது. மிச்சம் 1970 ஜூலை வரை காத்திருந்து உடைந்தது. ஆபத்தின் வயது முக்கால் நூற்றாண்டுக்கும் மேல். “இங்கே முப்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லை” என்ற சாட்சியத்தை இதோடு சேர்த்து எடைபோடுங்கள்.

7. பாறையின் பிளவுகளை அளத்தல்

“நல்ல பாறை” என்று எழுதினால் போதாது. பாறை எந்தப் பக்கம் பிளந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. காம்பஸும் சாய்வுமானியும் வைத்து ஒரு பாறை முகத்துக்கு ஐம்பது அளவாவது எடுங்கள். கைப்பேசிச் செயலி வேகமானதுதான், ஆனால் வண்டிக்கும் சுத்தியலுக்கும் அருகில் அது பொய் சொல்லும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை காம்பஸோடு ஒப்பிடுங்கள்.

மலையின் சரிவு 40 டிகிரி, பிளவுத் தளம் அதே திசையில் 50 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். பிளவு சரிவைவிடச் செங்குத்தாக இருப்பதால், அதன் கீழ்முனை மலைக்குள்ளேயே முடிந்துவிடும். நழுவி வெளியே வர வழியில்லை. ஆயிரம் ஆண்டு அப்படியே நிற்கும். இப்போது சாலைக்காக 70 டிகிரியில் வெட்டுகிறீர்கள். பிளவின் கீழ்முனை வெட்டு முகத்தில் வெளியே வந்துவிட்டது. பாறையின் உராய்வுக் கோணம், அதாவது உராய்வு மட்டும் பிடித்துவைக்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு, 30 டிகிரியை ஒட்டியதாக இருந்தால், அந்த 50 டிகிரித் தளத்தில் பாறையைப் பிடித்துவைக்க உராய்வு போதாது. முதல் நல்ல மழைக்கு வரும்.

அதனால் இயற்கைச் சரிவு நிற்கிறது என்பது வெட்டிய சரிவுக்குச் சான்று ஆகாது. பிளவின் திசை வெட்டு முகத்தின் திசையிலிருந்து இருபது டிகிரிக்குள் இருந்து, சாய்வும் இப்படி அமைந்தால் சிவப்பு மையில் குறியுங்கள். சில சமயம் எதிர்க்கரைக்குப் போனால் அதே பிளவு மலைக்குள் சாய்ந்திருக்கும். கரை மாற்ற ஆகும் பாலச் செலவு, வருடா வருடம் இடிபாடு அள்ளும் செலவைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

8. அகலம் கேட்கும் விலை

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். சாலை அகலத்தோடு மலைச்சரிவின் டேன்ஜென்ட், வெட்டு முகத்தின் டேன்ஜென்ட் இரண்டையும் பெருக்கி, அந்த இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் வெட்டு உயரம் கிடைக்கும்.

மலை 40 டிகிரி, வெட்டு 70 டிகிரி, முழு அகலமும் மலையைக் குடைந்து எடுப்பதாக வைத்தால், 5.5 மீட்டருக்கு வெட்டு உயரம் சுமார் 6.6 மீட்டர். 12 மீட்டருக்கு 14.5. மலை 55 டிகிரி ஆனால் அதே அகலங்களுக்கு 16 மீட்டர், 36 மீட்டர். கடைசி எண் பன்னிரண்டு மாடிக் கட்டடம்.

மண்ணின் அளவு அகலத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 டிகிரி மலையில் ஒரு கிலோமீட்டருக்கு 5.5 மீட்டர் சாலை சுமார் 18,000 கன மீட்டர் கேட்கும். 12 மீட்டர் சாலை 87,000. உடைத்த பாறை உப்பும் என்பதால் இன்னும் மூன்றில் ஒரு பங்காவது கூட்டுங்கள். இதைக் கொட்ட இடம் எங்கே என்று பதில் இல்லாத வரைபடம் முடிந்த வரைபடம் அல்ல.

உத்தராகண்டின் நான்கு புனிதத் தலங்களுக்குப் போகும் சார்தாம் சாலையின் அகலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020-இல் 5.5 மீட்டர் என்றது நீதிமன்றம். 2021 டிசம்பரில் ராணுவத் தேவையை ஏற்று இரட்டைத் தடத்தை அனுமதித்தது. தேவை எதுவாக இருந்தாலும் மேலே உள்ள எண்கள் மாறாது. அகலம் குறைக்க முடியாத இடத்தில், முழுவதும் குடையாமல் பாதி வெட்டி, பாதி தாங்குசுவரின் மேல் வெளியே தள்ளுவது வெட்டு உயரத்தைப் பாதியாக்கும். ஆனால் அந்தச் சுவரின் அடி பாறையில் நிற்க வேண்டும். கொட்டிய மண்ணில் நின்றால் சுவரும் சேர்ந்து போகும்.

9. மேல் பள்ளத்தாக்கில் கூடுதலாக

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவில் கிளம்பும். காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழாக மரமில்லாத பட்டை, பூர்ஜ (பிர்ச்) மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து நிற்பது, மே மாதத்திலும் ஓடை வாயில் கிடக்கும் அழுக்குப் பனி ஆகிய மூன்றும் அதன் தடயங்கள். அங்கே வண்டி நிறுத்தமோ தேநீர்க் கடையோ வராதபடி வரைபடத்திலேயே எழுதுங்கள்.

10. மதிப்பெண் போடுதல்

நிலச்சரிவு ஆபத்துக்கு மதிப்பெண் போடும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 14496, பகுதி 2, ஆர். அன்பழகன் 1992-இல் முன்வைத்த முறையைத் தழுவியது. பாறை வகைக்கு 2, பாறை அமைப்புக்கு 2, சரிவின் சாய்வுக்கு 2, உயர வித்தியாசத்துக்கு 1, நிலப் பயன்பாட்டுக்கு 2, நிலத்தடி நீருக்கு 1, ஆக அதிகபட்சம் 10. ஒவ்வொரு துண்டுக்கும் போட்டுக் கூட்டுங்கள். 6-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து, 7.5-ஐத் தாண்டினால் மிக அதிகம்.

இந்த எண்ணில் மழை, நிலநடுக்கம் ஆகிய தூண்டுதல்கள் இல்லை. சமோலி நாட்டின் மிக அதிக நிலநடுக்க ஆபத்துள்ள மண்டலத்தில் இருக்கிறது, 1999 மார்ச் 29 நடுக்கம் மறக்கக்கூடியது அல்ல. அதைவிட முக்கியம், உங்கள் வெட்டும் இந்த எண்ணில் இல்லை. அதனால் இரண்டு முறை போடுங்கள்: இன்றைய சரிவுக்கு ஒன்று, வெட்டிய பின் வரும் சரிவுக்கு ஒன்று. 4.8 இருந்த துண்டு வெட்டியபின் 6.3 ஆனால், பேச வேண்டிய இடம் அது.

சராசரி எடுக்காதீர்கள். பத்துத் துண்டுக்குச் சராசரி 4.5 என்று எழுதினால் உள்ளே இருக்கும் 8 காணாமல் போகும். சாலை அறுபடுவது அந்த ஒரே இடத்தில்தான்.

மதிப்பெண்ணுக்குப் பிறகு, அந்த இடத்தில் ஆள் எவ்வளவு நேரம் இருப்பார் என்று சேருங்கள். ஓடும் வண்டி சரிவைப் பத்து நொடியில் கடந்துவிடும். யாத்திரைக் காலத்தில் ஒரு கல் விழுந்து பாதை அடைத்தால், பின்னால் வரும் பேருந்துகள் வரிசையாக அதே சரிவின் கீழ் நிற்கும். அதனால் ஆபத்தான துண்டுக்கு இரு பக்கமும், பாதுகாப்பான இடத்தில், வண்டி நிறுத்த அகலம் காட்டாத திட்டத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

11. தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது

சாலையோர வாய்க்காலை வரைந்துவிட்டு, கல்வெர்ட்டின் வெளிவாயோடு நிறுத்திவிடுவார்கள். மலையில் பரவலாக வடிந்த தண்ணீரைச் சாலை ஒன்றுகூட்டி ஒரே இடத்தில் கொட்டுகிறது. அதன் கீழே பழைய சரிவோ வயலோ இருந்தால் நீங்களே ஒரு சரிவை உண்டாக்குகிறீர்கள். ஒவ்வொரு வெளிவாயிலிருந்தும் பாறையோ இயற்கை ஓடையோ வரும் வரை கீழே நடந்து பாருங்கள். முட்டி வலிக்கும். வேறு வழியில்லை.

12. கோடு போடுதலும் முளை அடித்தலும்

இப்போது கோடு போடலாம். சிவப்புத் துண்டுகளை முதலில் விலக்குங்கள், விலக்க முடியாததைக் கரை மாறியோ பாலத்தாலோ சுரங்கத்தாலோ கடந்து போங்கள், அதுவும் முடியாதபோதுதான் தாங்குசுவரும் வலையும். பெரும்பாலான திட்டங்கள் இந்த வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குகின்றன.

அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சந்தேகமான ஒவ்வொரு துண்டிலும், விரிசல் அல்லது பிறை வெட்டின் இரு பக்கமும் இரண்டு இரும்பு முளை அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து, தேதியோடு பாறையில் பெயின்டில் எழுதுங்கள். ஊரில் ஒருவரிடம் டேப்பும் நோட்டும் கொடுத்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை அளந்து எழுதச் சொல்லுங்கள். அளப்பவருக்குக் கூலி உண்டு என்று மதிப்பீட்டிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஜூலையில் நோட்டு வெறுமையாக இருக்கும்.